பௌத்தமும் இந்து சமயமும் ஒன்றுதானா? கொழுக்கட்டையோடு வந்த கேள்விக்குப் பதில்

மும்பை செம்பூரில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்து ஃபிளாட்டில் மராத்தி பேசும் பௌத்தக் குடும்பம், ஐந்து வருடப் பழக்கம். விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு போனவர், பேச்சுவாக்கில் "புத்தர் விஷ்ணுவோட அவதாரம்தானே, எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தட்டை வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் மாறிவிட்டது. நான் தப்பாக என்ன சொன்னேன், இரண்டு மதமும் கர்மா, மறுபிறவி, தியானம் என்றுதானே பேசுகின்றன, வித்தியாசம் எங்கே இருக்கிறது, இதுதான் அவருடைய கேள்வி.

சயானில் 30 வருடமாக இருக்கிறேன். எங்கள் வீடு சைவ மரபு, என் நெருங்கிய நண்பர்களில் பாதிப் பேர் பௌத்தர்கள். இதே கேள்வியோடு நானும் பல வருடம் அலைந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த முகம் மாறிய விஷயம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார், அவரோடு லட்சக்கணக்கானவர்கள் தழுவினார்கள். அன்று அவர் தன் மக்களை 22 உறுதிமொழிகள் எடுக்கவைத்தார். அதில் ஐந்தாவது, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை நான் நம்பமாட்டேன் என்பது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் தாத்தாவோ அப்பாவோ கைகூப்பி நின்று சொன்ன வார்த்தை அது. நீங்கள் அன்பாகத்தான் சொன்னீர்கள், சந்தேகமே இல்லை, ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு.

அந்த அவதாரக் கதையை மூலத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் புரியும். பாகவத புராணம், தேவர்களின் பகைவர்களை மயக்குவதற்காக விஷ்ணு புத்தராகப் பிறப்பார் என்று சொல்கிறது. விஷ்ணு புராணத்தில் மாயாமோகன் என்றொரு உருவம் வந்து அசுரர்களை வேதத்திலிருந்து விலக்கி, அவர்கள் பலம் இழந்து தோற்கும்படி செய்கிறது. அதாவது, புத்தர் சொன்னது தப்பான போதனை, ஆளை ஏமாற்றவே சொல்லப்பட்டது என்பதுதான் அந்தக் கதையின் உள்ளே இருக்கும் செய்தி. பிறகு 12ஆம் நூற்றாண்டில் ஜெயதேவர் பாடும்போது யாகத்தில் விலங்குகளைக் கொல்வதைப் பார்த்து மனம் இரங்கியவர் என்று புத்தரைப் போற்றுகிறார், அது அழகான மாற்றம். தமிழ்நாட்டில் நாம் சொல்லும் தசாவதாரத்தில் பெரும்பாலும் புத்தர் இருக்கமாட்டார், பலராமர் இருப்பார். ஆக, "ஒன்றுதானே" என்று நாம் அணைத்துக்கொள்வதாக நினைக்கும் வரி, எதிரே நிற்பவருக்கு "உன் குரு எங்கள் ஆள், அதுவும் ஏமாற்ற வந்த ஆள்" என்று கேட்கிறது.

சரி, தத்துவத்துக்கு வருவோம். ஒற்றுமை நிறையவே இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கங்கைச் சமவெளியில், ஒரே காலத்துக் கேள்விகளிலிருந்து வளர்ந்தவை. பிறந்து பிறந்து சாவதிலிருந்து எப்படி விடுபடுவது என்பதுதான் உபநிடத முனிவருக்கும் கேள்வி, காட்டில் தவம் செய்த சிரமணருக்கும் கேள்வி. சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போனதும் முதலில் இரண்டு ஆசிரியர்களிடம் தியானம் கற்றார், பிறகு எலும்பு தெரிய உண்ணாநோன்பு இருந்தார், இது போதாது என்று விட்ட பிறகுதான் நடுவழியைக் கண்டார். பௌத்தர்களின் பஞ்சசீலத்தையும் யோக சாத்திரத்தின் இயமத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கொல்லாமை, பொய் சொல்லாமை, திருடாமை, காம ஒழுக்கம், இந்த நான்கும் இரண்டிலும் உண்டு. ஐந்தாவதில் பிரிகின்றன. பௌத்தத்தில் மது கூடாது, யோகத்தில் பொருள் சேர்க்கக் கூடாது. காமம், வெகுளி, மயக்கம் மூன்றும் போனால் துன்பம் போகும் என்று 360ஆம் குறள் சொல்கிறதே, அதே மூன்றைத்தான் புத்தர் மூன்று தீ என்கிறார், அந்தத் தீ அணைவதற்குத்தான் நிர்வாணம் என்று பெயர்.

ஆனால் வார்த்தை ஒன்றாக இருப்பதாலேயே பொருள் ஒன்றாகிவிடாது. பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். கர்மா என்ற சொல் வேத காலத்தில் பெரும்பாலும் யாகச் சடங்கைக் குறித்தது, சரியான மந்திரம், தீயில் இடும் சரியான அவிசு, சரியான பலன். உபநிடதங்கள் அதை நல்வினை தீவினை என்று விரித்தன. புத்தர் இன்னும் உள்ளே போய், எண்ணத்தைத்தான் நான் கர்மா என்கிறேன் என்றார். தெரியாமல் எறும்பை மிதிப்பதும் வேண்டுமென்றே மிதிப்பதும் அவர் கணக்கில் ஒன்றில்லை.

இப்போது நடு முடிச்சுக்கு வருகிறேன். மறுபிறவி உண்டு என்று இருவரும் சொல்கிறார்கள், ஆனால் மறுபடி பிறப்பது யார்? பழைய சட்டையைக் கழற்றிப் புதுச் சட்டை போடுவதுபோல ஆன்மா உடம்பை மாற்றிக்கொள்கிறது என்று கீதை சொல்லும். சட்டை மாறும், ஆள் மாறமாட்டார். புத்தரோ, அந்த ஆளைத் தேடிப் பார்த்தேன், உடம்பு, நுகர்ச்சி, குறிப்பு, மனப்பழக்கம், அறிவு என்று ஓடிக்கொண்டிருக்கும் ஐந்து கட்டுகள்தான் இருக்கின்றன, இவற்றுக்குப் பின்னால் மாறாமல் நிற்கும் ஒருவரைக் காணோம் என்கிறார். இதுதான் அனாத்மவாதம், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அனத்தா.

அப்படியானால் எது மறுபடி பிறக்கிறது என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். 2,000 வருடங்களுக்கு முன்பே மிலிந்தன் என்ற கிரேக்க அரசனும் நாகசேனர் என்ற பிக்குவும் பேசுவதாக உள்ள நூலில் இந்தக் கேள்வி வருகிறது. நாகசேனர் விளக்கை உதாரணம் காட்டுகிறார். நம் கார்த்திகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அகலை ஏற்றி, அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று வாசல் வரைக்கும் வரிசையாக ஏற்றிக்கொண்டே போகிறோம். கடைசி விளக்கில் எரியும் சுடர் முதல் விளக்கின் சுடரா? இல்லை, முதல் சுடர் எழுந்து நடந்து இங்கே வரவில்லை. அப்படியானால் சம்பந்தமில்லாத வேறு சுடரா? அதுவும் இல்லை, அது இல்லாமல் இது இல்லை. ஒரு பிறவிக்கும் அடுத்ததற்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான் என்கிறது பௌத்தம். எண்ணெய் தீர்ந்தால் சுடர் எங்கே போயிற்று என்று கேட்பதில் பொருள் இல்லை. அதுவே அவர்களுக்கு விடுதலை.

சைவ வீட்டில் வளர்ந்த எனக்கு இந்த வித்தியாசம் ஒரு நாள் சட்டென்று விளங்கியது. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று மூன்று, மூன்றும் தொடக்கம் இல்லாதவை. இறைவன் இருக்கிறான், உயிர் இருக்கிறது, உயிரைக் கட்டும் கயிறு இருக்கிறது, கயிற்றை அவிழ்க்க அவன் அருள் வேண்டும். பௌத்தத்தில் பதி இல்லை, பசுவும் இல்லை. கட்டு மட்டும் இருக்கிறது, அதை அவிழ்க்கும் வழி இருக்கிறது. அந்தக் கட்டைப் பன்னிரண்டு கண்ணிகளாக நம் மணிமேகலையே எண்ணிக் கொடுக்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பாலி நூலைப் பார்க்காமலே இதைத் தமிழில் படிக்கலாம். எவ்வளவு சுத்தமான தமிழ் பாருங்கள், ஊறு என்றால் புலனும் பொருளும் தொடுவது, அங்கிருந்து நுகர்வு, நுகர்விலிருந்து வேட்கை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறார். அதற்கு முன்னால் வஞ்சியில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், சாங்கியர் என்று ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையை அவள் கேட்டுவிட்டு வருகிறாள். ஒரு பெண் எல்லாத் தரப்பையும் கேட்டு முடிவெடுக்கும் அந்தக் காதைகளைக் கதை குறைவு என்று தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கடவுள் விஷயத்தில் "இந்துக்களுக்குக் கடவுள் உண்டு, பௌத்தர்களுக்கு இல்லை" என்று ஒரே வரியில் சொல்வது சரியில்லை. பழைய சாங்கியம், மீமாம்சை என்ற இந்துத் தத்துவப் பிரிவுகளில் உலகைப் படைத்த கடவுள் கிடையாது, ஆனால் அவை வேதத்தை ஏற்றதால் ஆத்திகம் என்று கணக்கில் வந்தன. பௌத்த நூல்களில் இந்திரனும் பிரம்மாவும் தாராளமாக வருகிறார்கள், அவர்களும் பிறந்து இறப்பவர்கள், புத்தரிடம் வந்து பாடம் கேட்பவர்கள், அவ்வளவே. பிரிவினை வேதத்தை ஒத்துக்கொள்வதில்தான் இருந்தது. யாகம் செய்தால் பலன், வேதம் சொன்னால் உண்மை என்ற இரண்டையும் புத்தர் ஏற்கவில்லை. அதற்காக இரு பக்கமும் ஒன்றையொன்று பாதிக்காமல் இருக்கவும் இல்லை, சங்கரரையே "பிரச்சன்ன பௌத்தர்", அதாவது மறைந்திருக்கும் பௌத்தர் என்று மற்ற வேதாந்திகள் குற்றம் சாட்டும் அளவுக்கு வாதத்தில் நெருங்கி வந்தார்கள்.

படித்துப் புரியாதது கண்ணால் பார்த்தால் புரியும் என்றால், மும்பையில் அதற்கு இரண்டு இடம் இருக்கிறது, ஒரே வாரத்தில் இரண்டையும் பாருங்கள். போரிவலி நேஷனல் பார்க்குக்குள் இருக்கும் கன்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், கி.மு. காலத்திலேயே குடையத் தொடங்கியவை. பெரும்பாலானவை பிக்குகள் தங்கிய அறைகள். உள்ளே போய் நின்று பாருங்கள்: பாறையிலேயே வெட்டிய ஒரு திண்ணைப் படுக்கை, வாசலில் மழைத்தண்ணீர் சேரும் தொட்டி, வேறு ஒன்றும் இல்லை. நான் ஜூலை மாதம் போனபோது தொட்டி நிரம்பி வழிந்து, படிக்கட்டு வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கால மூன்று மாதம் பிக்குகள் ஊர் சுற்றக் கூடாது, ஓரிடத்தில் தங்க வேண்டும் என்ற விதி எதற்கு என்பது அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் நின்றபோது தெரிந்தது. மூன்றாம் எண் குகைதான் சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம், உள்ளே கடைசியில் தூபி (ஸ்தூபம்), தூணுக்குப் பின்னால் அதை வலம் வரப் பாதை.

அப்புறம் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு பிடித்து எலிஃபண்டா போங்கள். அங்கே சுமார் 18 அடி உயர மூன்று முகச் சிவன், ஒரு பக்கம் கல்யாணம், ஒரு பக்கம் அந்தகனை வதைக்கும் கோபம், ஒரு பக்கம் ஆட்டம். நடுவே நான்கு வாசல் கொண்ட கருவறை, வாசலுக்கு வாசல் பிரம்மாண்டமான துவாரபாலகர்கள், உள்ளே லிங்கம், அதையும் வலம் வரலாம். ஒரே மாதிரிக் கறுப்புப் பாறை, குகை குடையும் அதே கைத்தொழில், வலமாகச் சுற்றுவதும் ஒன்றே. ஆனால் எலிஃபண்டாவில் நீங்கள் ஒருவனைப் பார்க்கப் போகிறீர்கள், அவன் உங்களைப் பார்க்கிறான், தரிசனம் என்பதே அதுதான். கன்ஹேரித் தூபிக்குள்ளிருந்து யாரும் பார்ப்பதில்லை. போய்விட்ட ஒருவரின் நினைவுச் சின்னம் அது, அதைச் சுற்றிவிட்டு மறுபடி அந்தக் கல் திண்ணைக்குத்தான் திரும்ப வேண்டும். பிற்காலத்தில் மகாயானம் என்ற பௌத்தப் பிரிவு வந்து கன்ஹேரியிலேயே பதினொரு தலை அவலோகிதர் என்ற போதிசத்துவரைச் செதுக்கியது, அங்கே தூரம் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்றைய வாழ்க்கையில் வித்தியாசத்தை நான் நேரே உணர்ந்தது ஒரு சாவு வீட்டில். காட்கோபரில் என் நண்பரின் அம்மா இறந்து சில நாள் கழித்து "புண்ணியானுமோதன்" என்று அழைத்தார்கள். நம் வீட்டில் அது கருமாதி, பிண்டம் வைப்போம், காக்கை வந்து எடுக்கும்வரை மாடியில் நின்று கூப்பிடுவோம், வராவிட்டால் பதறுவோம். அங்கே காக்கைக்கும் சோறு இல்லை, பிண்டமும் இல்லை. சிராத்தம் செய்யமாட்டேன் என்பதும் அந்த 22இல் ஒன்று. வெள்ளை உடுத்தி எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள், புத்தர் படமும் பாபாசாகேப் அம்பேத்கர் படமும், இரண்டு மெழுகுவர்த்தி. புத்தம் சரணம் கச்சாமி என்று மூன்று முறை, பிறகு பஞ்சசீலம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து அந்த அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். எதிர்வீட்டுப் பெண்மணி ஒருவர், என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள் என்று சொல்லி அழுதார். இறந்தவர் எங்கேயோ பசியோடு காத்திருக்கிறார் என்ற பயம் அந்த அறையில் இல்லை. காக்கையைக் கூப்பிடும்போது என் அப்பாவை நான் கிட்டத்தில் உணர்கிறேன், அதையும் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று இரண்டும் ஒரே சடங்கின் இரண்டு வடிவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாதியைப் பேசாமல் இந்தப் பதிலை முடித்தால் அது நேர்மையாகாது. பிறப்பால் ஒருவன் பிராமணன் ஆவதில்லை, செய்கையால் ஆகிறான் என்று புத்தர் வாசெட்ட சுத்தம் என்ற பாலி நூற்பகுதியில் சொல்கிறார். சாக்கிய இளவரசர்கள் துறவு கேட்டு வந்தபோது அவர்களோடு வந்த நாவிதர் உபாலிக்கு முதலில் தீட்சை, இளவரசர்கள் பிறகு, ஆகவே அவர்கள் உபாலியை வணங்க வேண்டும். தர்ம சாத்திரம் பிறப்பை வைத்துக் கடமை வகுத்தது, புத்த சங்கத்தில் நுழைந்த நாளை வைத்து வரிசை. ஆயிரம் தத்துவ ஒற்றுமை இருந்தாலும் அம்பேத்கருக்கு இதுதான் தீர்மானமான வித்தியாசம். இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் மகாராஷ்டிரத்து இயோலாவில் சொன்னவர், 21 வருடம் யோசித்துத் தேர்ந்தெடுத்தார். அவருக்கும் முன்னால், 1898இல், நம் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள் பழைய பௌத்தர்களே என்பது அவர் வாதம். தாராவியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அம்பேத்கர் பெயர் தெரிகிற அளவுக்கு இவர் பெயர் தெரியவில்லை, தெரிய வேண்டும். பௌத்த நாடுகளில் சாதியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையின் சியாம் நிகாயம் என்ற பிக்குகள் பிரிவு, அங்கே உயர்வாகக் கருதப்படும் கொவிகம சாதிக்காரர்களுக்கு மட்டுமே துறவுத் தீட்சை கொடுத்து வந்தது. நந்தனாரையும் திருப்பாணாழ்வாரையும் நாம் கும்பிடுகிறோம், ஆனால் அவர்கள் தெருவை ஊருக்கு வெளியேதான் வைத்தோம். இரண்டு பக்கமும் சொன்னதைச் செய்யவில்லை, ஆனால் சொன்னது ஒன்றில்லை.

தமிழ் மண்ணில் இந்த இரண்டும் சண்டையும் போட்டன, ஒன்றாகவும் இருந்தன. சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு வந்தால் சமணரையும் சாக்கியரையும், அதாவது பௌத்தரையும், திட்டுவது வழக்கம். நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைத் திருமங்கையாழ்வார் எடுத்து வந்து திருவரங்கத் திருப்பணி செய்தார் என்று வைணவ குருபரம்பரை பெருமையாகவே சொல்கிறது. அதே நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தவன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜன். அறுபத்துமூவரில் சாக்கிய நாயனார் என்று ஒருவர், காஞ்சியில் பௌத்தத் துறவி உடையில் இருந்தபடியே தினமும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லை எறிவார், அதுதான் அவர் பூசை. வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூலை எழுதிய பௌத்தர் புத்தமித்திரர், அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்கிறார். நமக்குச் சொல்லிக் கொடுத்த கதையில் அது சிவன், அல்லது முருகன். அகத்தியர் அவரே, குரு மட்டும் வேறு.

சட்டம் இன்னொரு குழப்பம். அரசியல் சட்டப் பிரிவு 25இன் விளக்கம் கோயில் நுழைவு முதலானவற்றுக்கு இந்து என்ற சொல்லில் பௌத்தரையும் சேர்க்கிறது, 1955 இந்துத் திருமணச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தும். அதே சமயம் பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினருக்குப் பட்டியல் சாதிச் சலுகை 1990இல்தான் கிடைத்தது, சீக்கியர்களுக்கு 1956இலேயே கிடைத்திருந்தது. எனவே "சட்டமே இந்து என்றுதான் சொல்கிறது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது சில சட்டங்களுக்கான வசதி, மத வரையறை கிடையாது என்று பதில் போடுங்கள். மக்கள்தொகைக் கணக்கில் பௌத்தம் தனி மதம்தான், 2011இல் நாடு முழுக்க 84 லட்சம் பேர், அதில் 65 லட்சம் நம் மகாராஷ்டிரத்தில்.

இன்னொன்று, எல்லா பௌத்தமும் ஒரே மாதிரி இல்லை. நான் மேலே சொன்ன மறுபிறவி விளக்கத்தை அம்பேத்கர் அப்படியே ஏற்கவில்லை, கிழவன், நோயாளி, பிணம், துறவி ஆகியோரைப் பார்த்துச் சித்தார்த்தர் வீட்டை விட்டார் என்ற கதையையும் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போருக்கு நின்றதை எதிர்த்து வெளியேறினார் என்பது அவர் வாசிப்பு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கார்த்திகை விளக்கு உதாரணத்தைச் சொன்னால் அவர் வேறு விதமாகப் பேசக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் மீன் குழம்பு மணந்தால் ஆச்சரியப்படவும் வேண்டாம், தனக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேட்காமல், சந்தேகப்படாமல் இருந்தால் பிச்சையில் விழும் இறைச்சியைப் பிக்குவே உண்ணலாம் என்று புத்தர் அனுமதித்திருந்தார்.

கொழுக்கட்டை கொடுத்ததில் தப்பே இல்லை, அவர் வாங்கிக்கொண்டாரே. அந்த ஒரு வரிக்கு மட்டும், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று, அவரைத் தகனம் செய்த தாதர் சைத்தியபூமிக்கு உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு போவார், கூடவே போகலாமா என்று கேளுங்கள், சிவாஜி பார்க் முழுக்கப் புத்தகக் கடைகள் போட்டிருப்பார்கள், மராத்தி படிக்கத் தெரிந்தால் பை நிறைய வாங்கி வரலாம். வைகாசிப் பௌர்ணமிக்கு, அவர்களுக்கு அது புத்த பூர்ணிமா, பெரும்பாலான வீடுகளில் கீர் செய்வார்கள். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக இருந்த சித்தார்த்தருக்குச் சுஜாதா என்ற பெண் கொடுத்த பால்சோற்றின் நினைவாக. உங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும்.